மலையூர்க் கண்ணாடி: ஒரு சிறு செய்தித்தாளைப் பாடமாக்கிய அனுபவம்

வரலாற்றுச் சான்றுகள் பற்றிய பாடத்தில் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், நாட்குறிப்பு என்று ஒரு வரிசை வரும். அதன் கடைசியில் ‘செய்தித்தாள்கள்’ என்று ஒரு சொல் நிற்கும். மற்றவற்றுக்கு நாம் படம் காட்டுவோம், எடுத்துக்காட்டு சொல்வோம். செய்தித்தாளை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். மாணவர்களும் கேட்பதில்லை. தினமும் டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும் தாள் எப்படி வரலாற்றுச் சான்றாகும் என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்புதான்.

அந்த ஒரு சொல்லை விரித்து ஒன்பதாம் வகுப்பில் நான்கு பாடவேளைகள் நடத்தினேன். எடுத்துக்கொண்டது பெரிய நாளிதழ் எதுவும் அல்ல. இமயமலைச் சரிவில் உள்ள காலிம்போங் என்ற சிறிய ஊரிலிருந்து 1925 முதல் 1963 வரை திபெத்திய மொழியில் வெளிவந்த ஒரு செய்தித்தாள். ‘பல நாட்டுச் செய்திகளின் கண்ணாடி’ என்பது அதன் நீண்ட பெயரின் பொருள். திபெத்திய மொழியில் கண்ணாடிக்கு ‘மெலோங்’ என்று பெயர். வாசகர்களுக்கு அது வெறும் மெலோங்தான்.

நம் பிள்ளைகளுக்கு எதற்குத் திபெத்தியப் பத்திரிகை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பணியாற்றுவது நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே உள்ள ஓர் அரசுப் பள்ளி. வகுப்பில் வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோத்தர், இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் தங்கள் வீட்டு மொழியில் ஒரு வரியைக்கூட அச்சில் பார்த்ததில்லை. மலையைப் பற்றிப் பத்திரிகையில் என்ன வரும் என்று கேட்டால், நிலச்சரிவு, யானை, கோடை விழா என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஒரு மலையூர் தன்னைப் பற்றித் தானே எழுதத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று காட்ட எனக்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது.

ஊரும் ஆசிரியரும்

காலிம்போங் இன்றைய மேற்கு வங்கத்தில், டீஸ்டா ஆற்றுக்கு மேலே ஒரு முகட்டில், ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் இருக்கிறது. 1865 வரை அது பூட்டானுக்கு உரியது. பூட்டானுடன் நடந்த போருக்குப் பின் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 2017இல் தனி மாவட்டமானது. இந்தப் பாடத்துக்குச் சுவரில் நிலவரைபடம் கட்டாயம் வேண்டும். வடக்கே சிக்கிம், கிழக்கே பூட்டான், மேற்கே டார்ஜிலிங்கைத் தாண்டினால் நேபாளம், சிக்கிமுக்கு அப்பால் திபெத். இத்தனை நாடுகளின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஊர் என்று பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்த்தால்தான் மீதிக் கதை புரியும்.

அந்த ஊரை வளர்த்தது ஆட்டு உரோமம். திபெத்தியப் பீடபூமியில் கத்தரித்த உரோமத்தைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் இருக்கும் ஜெலெப் லா கணவாயைக் கடந்து காலிம்போங்குக்குக் கொண்டுவருவார்கள். ‘லா’ என்றாலே கணவாய்தான். லாசாவிலிருந்து இறங்கி வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். காலிம்போங்கின் கிடங்குகளில் உரோமத்தைத் தரம் பிரித்து, கட்டி, கல்கத்தாவுக்கும் அங்கிருந்து கப்பலில் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். திரும்பும் கழுதைகளில் துணி, சர்க்கரை, மண்ணெண்ணெய், இரும்புச் சாமான்கள் போகும். பிறகு அவற்றோடு செய்தித்தாளும் போயிற்று.

அதை நடத்தியவர் தோர்ஜே தர்ச்சின். கின்னௌர் மலைப்பகுதியில், இன்றைய இமாசலப் பிரதேசத்தில், 1890இல் பிறந்தார். பிறந்த கிராமத்தின் பெயர் பூ. இதைச் சொன்னதும் வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும், பெயர் மனத்தில் தங்கிவிட்டது. மொராவியன் மிஷன் நடத்திய பள்ளியில் படித்தார். பிழைப்புக்காக டார்ஜிலிங் பக்கம் வந்தார். காலிம்போங்கில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1920களின் தொடக்கத்தில் திபெத்தின் கியான்சே நகரில் சில காலம் பள்ளி நடத்தினார். ஊரார் அவரை ‘கெர்கன் தர்ச்சின்’ என்று அழைத்தார்கள். கெர்கன் என்றால் ஆசிரியர். அவர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டியிருந்தது. நம்மூரில் ‘வாத்தியார்’ என்று ஒருவரை அழைக்கத் தொடங்கினால் ஓய்வுபெற்ற பிறகும் விடமாட்டார்கள் அல்லவா, அதைப் போல.

1925 அக்டோபரில் முதல் இதழ் வந்தது. கையால் எழுதி, நகலெடுக்கும் எந்திரத்தில் எடுத்த 50 படிகள். தேர்வு வினாத்தாளை ஸ்டென்சில் வெட்டி, கை முழுக்க மையோடு ரோனியோ எடுத்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய அந்த வேலைதான். அந்த 50 படிகளில் பெரும்பகுதி லாசாவில் இருந்த நண்பர்களுக்குப் போயிற்று. ஒன்று 13ஆம் தலாய் லாமாவுக்கு. அவருக்குக் காலிம்போங் புதிய ஊர் அல்ல. 1910இல் சீனப் படைக்குத் தப்பி இந்தியா வந்தவர், 1912இல் திரும்புவதற்கு முன் அங்கேயும் தங்கியிருந்தார். அவர் இதழை விரும்பிப் படித்தார், சந்தாதாரரானார், தொடர்ந்து நடத்தச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

பின்னாளில் கல்லச்சில் அச்சிட்டபோதும் எழுத்துகளை முதலில் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. செய்தி திரட்டுவது, மொழிபெயர்ப்பது, எழுதுவது, கணக்குப் பார்ப்பது, சந்தா கேட்டுக் கடிதம் எழுதுவது எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரே. சொன்ன தேதியில் இதழ் வராத மாதங்கள் உண்டு. விற்பனை எந்தக் காலத்திலும் சில நூறு படிகளைத் தாண்டவில்லை.

‘சில நூறுதானா?’ என்று ஒரு மாணவன் உதட்டைப் பிதுக்கினான். இந்த இடத்தில்தான் பாடம் சூடுபிடித்தது. தமிழில் சுதேசமித்திரன் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழாகிவிட்டது. திபெத்திய மொழியில் அதற்கு முன் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். லடாக்கின் லே நகரில் ஃபிராங்கே என்ற மொராவியன் பாதிரியார் 1904இல் ‘லடாக் அக்பார்’ என்ற சிறு இதழைக் கல்லச்சில் அடித்தார். சில ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. எனவே லாசாவில் இருந்த ஒருவர் ஜப்பானில் என்ன நடக்கிறது, ஐரோப்பாவில் ஏன் போர் மூள்கிறது, காலிம்போங்கில் இந்த வாரம் உரோமம் என்ன விலை என்று தன் மொழியில் படிக்க வேண்டுமானால், நீண்ட காலம் அவருக்கு இருந்த வழி இந்த ஒரு தாள்தான். எத்தனை படிகள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், இது இல்லாவிட்டால் வாசகருக்கு வேறு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

பூமி உருண்டை என்று எழுதிய துறவி

1938 ஜூன் 28 தேதியிட்ட இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கெந்துன் சோபெல். திபெத்தின் வடகிழக்கே ஆம்தோ பகுதியில் 1903இல் பிறந்தவர், பெரிய மடங்களில் தர்க்கம் படித்தவர், 1934இல் ராகுல சாங்கிருத்யாயனோடு இந்தியாவுக்கு வந்தவர். காலிம்போங்கில் தர்ச்சினுடன் நெருங்கிப் பழகினார். அவருடைய கட்டுரை, பூமி தட்டையானது அல்ல, உருண்டையானது என்று வாதிட்டது.

இருபதாம் நூற்றாண்டில், அதுவும் 1938இல், இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்று நம் மாணவர்கள் வியப்பார்கள். என் வகுப்பும் வியந்தது. பழைய பௌத்த நூல்கள் உலகை நடுவில் மேரு மலையும் சுற்றிலும் கண்டங்களும் உடைய தட்டையான பரப்பாக விவரிக்கின்றன. திபெத்திய மடங்களில் அதுவே பாடம். சோபெல் நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. ஐரோப்பாவிலும் முன்பு உலகம் தட்டை என்றே எல்லாரும் நம்பினார்கள், மாற்றிச் சொன்னவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள், கடைசியில் உண்மையை மறைக்க முடியவில்லை என்று தொடங்கினார். இலங்கை, பர்மா, ஜப்பான் போன்ற பௌத்த நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன, நாம் மட்டும் பிடிவாதமாக இருக்கிறோமே என்று தன் மக்களைப் பார்த்துக் கேட்டார். அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பக்கம் இது. எங்கள் பள்ளியில் அப்படியே செய்தோம். பூமி உருண்டை என்பதற்கு மூன்று சான்றுகளை அறிவியல் ஆசிரியர் கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்: நம்ப மறுக்கும் உங்கள் தாத்தாவிடம், அவர் மனம் புண்படாமல், இதை எப்படிச் சொல்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கே அதிகப் பேர் எழுதினார்கள். ‘தாத்தா, நீங்க சொல்றது தப்புன்னு சொல்ல வரல, நான் பார்த்ததைச் சொல்றேன்’ என்று ஒரு மாணவி தொடங்கியிருந்தாள்.

சோபெலின் பின்கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் திபெத்துக்குத் திரும்பியதும் 1946இல் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். வெளியே வந்த இரண்டு ஆண்டுகளில், 1951இல், காலமானார். இன்று அவரை இருபதாம் நூற்றாண்டுத் திபெத்தின் மிகப் பெரிய சிந்தனையாளர்களுள் ஒருவராக வைத்துப் பேசுகிறார்கள்.

யார் பெயர் வருகிறது, யார் பெயர் வருவதில்லை

சிறிய ஊர்தான், ஆனால் காலிம்போங்கில் பெயர்பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்திலிருந்து 1889இல் வந்த ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1900இல் தொடங்கிய குழந்தைகள் இல்லம் பெரிய பள்ளியாக இன்றும் இயங்குகிறது. தந்தை ஸ்காட்லாந்தியர், தாய் லெப்சா இனத்தவர் என்று இரண்டு உலகங்களுக்குப் பிறந்த டேவிட் மக்டொனால்ட், திபெத்தில் நெடுங்காலம் வணிக முகவராக இருந்துவிட்டுக் காலிம்போங்கில் குடியேறினார். அந்தக் குடும்பம் நடத்திய ஹிமாலயன் ஹோட்டலில் தங்காத மலையேற்ற வீரர்கள் குறைவு. 1938 மே மாதம் தன் பிறந்தநாளில் தாகூர் காலிம்போங்கின் கௌரிபூர் இல்லத்திலிருந்து தொலைபேசி வழியாகக் கவிதை வாசிக்க, கல்கத்தா வானொலி அதை ஒலிபரப்பியது. நேபாளி மொழிக்கு இலக்கணமும் பாடநூல்களும் தந்த பாரஸ்மணி பிரதானும் இந்த ஊரோடு வாழ்ந்தவர். அவர் 1918இல் குர்சியோங்கிலிருந்து ‘சந்திரிகா’ என்ற மாத இதழை நடத்தினார். அதற்கும் முன்பே, 1901இல், டார்ஜிலிங்கில் பாதிரியார் கங்கா பிரசாத் பிரதான் ‘கோர்கே கபர் காகத்’ என்ற நேபாளி இதழைத் தொடங்கியிருந்தார். ஒரு மலைத்தொடரில் இத்தனை மொழிகளில் இத்தனை தாள்கள்.

இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் யார் இல்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவன் சொன்னான்: ‘கழுதை ஓட்டினவங்க.’ இன்னொருத்தி சொன்னாள்: ‘உரோமம் பிரிச்சவங்க. அவங்க லேடீஸா இருப்பாங்க, டீச்சர். இங்க இலை பறிக்கிறது எல்லாம் அம்மாங்கதானே.’ காலிம்போங் கிடங்குகளில் உரோமம் பிரித்தவர்களில் பெண்கள் ஏராளம். நான் சொல்வதற்கு முன்பே அவள் அதை எட்டிவிட்டாள். தன் ஊரை அளவுகோலாக வைத்து இன்னோர் ஊரை அளக்க வந்துவிட்டது. இந்த ஒரு நிமிடம் கிடைத்ததால் இந்தப் பாடத்துக்குச் செலவான நேரத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

கூடவே இன்னொரு கேள்வியையும் விடக்கூடாது: காசு எங்கிருந்து வந்தது? மெலோங்குக்கு முதலில் மிஷனின் துணை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசின் உதவி கிடைத்தது, போர்ச் செய்திகளும் நேச நாடுகளின் பக்கமிருந்தே வந்தன. இதை மறைத்துவிட்டு தர்ச்சினை ஒரு மாமனிதராக மட்டும் காட்டினால் அது சான்றைப் பயன்படுத்தும் முறையாகாது. ஆனால் 1950இல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எதிர்த்து எழுதுவதை விட்டுவிட்டுச் சீன ஆட்சியின் முன்னேற்றங்களை எழுதினால் விளம்பரமும் கூடுதல் சந்தாவும் கிடைக்கும் என்று அவரிடம் ஆசை காட்டினார்கள். பணமுடை இல்லாத மாதமே இல்லாத பத்திரிகை அது. அவர் மறுத்துவிட்டார். 1959இல் தலாய் லாமா இந்தியா வந்தார், ஆயிரக்கணக்கான அகதிகள் பின்தொடர்ந்தார்கள். 1962 போருக்குப் பிறகு கணவாய் அடைபட்டது. கழுதைகள் நின்றன, உரோமம் நின்றது. அகதிகள் நடத்திய புதிய செய்தித்தாள் டார்ஜிலிங்கிலிருந்து அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தது. 1963இல் மெலோங் நின்றது. தர்ச்சின் 1976இல் காலமானார்.

படிக்கத் தெரியாத பக்கத்தைப் படித்தல்

மெலோங் இதழ்களைக் கொலம்பியா பல்கலைக்கழக நூலகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஹைடெக் லேப் இருக்கும் எந்தப் பள்ளியிலும் திறந்து காட்டலாம். நான் சில பக்கங்களைப் பெரிதாக அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். திபெத்திய எழுத்து வகுப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் ஒரே நிலையில் நின்றோம். என்ன புரிகிறது என்று பட்டியலிடச் சொன்னேன். எது தலைப்பு, எது விளம்பரம், எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட்டார்கள். திபெத்திய எண்கள் இந்தி எண்களைப் போலிருப்பதை ரூபாய் நோட்டை வைத்து ஒருவன் கண்டுபிடித்தான். அடுத்த நிமிடம் மூலையில் இருந்த ஒரு பட்டியலைக் காட்டி, ‘டீச்சர், இது பச்சை இலை விலை மாதிரி இருக்கு’ என்றாள் ஒருத்தி. அவள் சொன்னது ஏறக்குறைய சரி. அது சந்தை விலைப்பட்டியல். மெலோங்கில் உரோம விலையும் பிற சரக்குகளின் விலையும் வழக்கமாக வரும்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. மடத்து நூல்களில் ஊறிய ஒரு மொழி திடீரென்று விமானத்தையும் ரயிலையும் பேச வேண்டியிருந்தது. இன்று திபெத்திய மொழியில் விமானம் ‘நம்த்ரு’, அதாவது வானப் படகு. ரயிலை ‘மேகோர்’ என்கிறார்கள், நெருப்புச் சக்கரம் என்று பொருள். வானொலிக்கான சொல்லின் பொருள் காற்றுச் செய்தி. இப்படிப்பட்ட சொற்கள் மக்களிடம் போய்ச் சேர மெலோங் போன்ற தாள்கள்தான் பாதையாக இருந்தன. தமிழில் ஆகாயக் கப்பல், ஆகாய விமானம், வானூர்தி என்று நாம் கடந்து வந்த சொற்களை ஒரு பக்கம் எழுதினோம். மறுபக்கம் அவரவர் வீட்டு மொழியில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். ‘எங்க பாஷையில ஏரோப்ளேனுக்கு ஏரோப்ளேன்தான்’ என்றான் ஒருவன். மழையின் வகைகளுக்கும் மூடுபனிக்கும் மட்டும் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

எங்கள் தாள்

நான்காம் பாடவேளையின் முடிவில் மாணவர்களே ஒரு தாள் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. நான்கு பக்கம், கையெழுத்து, பிறகு ஜெராக்ஸ். எத்தனை படிகள் என்று பேச்சு வந்தபோது வகுப்பு ஒரே குரலில் ஐம்பது என்றது. பேருந்து நேரம், கரடி நடமாடிய இடங்கள், கோயில் பண்டிகை அறிவிப்பு, குறுக்கெழுத்து என்று எளிதில் நிரம்பிவிட்டது. இரண்டு இடங்களில் மட்டும் சிக்கல்.

முதலாவது, ஊரின் பெயர்பெற்றவர் என்ற பத்தி. வழக்கம்போல 1819இல் கோத்தகிரிக்கு வந்த கலெக்டர் ஜான் சல்லிவனில் தொடங்கினார்கள். அடுத்து, நீலகிரி விவசாயிகளுக்காகக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நடத்திய ஆரி கௌடர். பிறகு 1962இல் நீலகிரியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அக்கம்மா தேவி. மூவரும் எழுதத்தக்கவர்களே. ஆனால் இவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள், நாம் எழுதாவிட்டால் யாருமே எழுத மாட்டார்கள் என்கிற ஒருவரைச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து, பேருந்து வராத காலத்தில் தபால் பையைத் தலையில் சுமந்து மேட்டுக் கிராமங்களுக்கு நடந்தே போன ஒரு முதியவரைக் கண்டுபிடித்து வந்தார்கள். பேட்டிக்குப் போகும் முன் கேள்விகளை என்னிடம் காட்டினார்கள். ‘உங்கள் சாதனை என்ன?’ என்ற முதல் கேள்வியை அடித்துவிட்டு, ‘எந்த வழியாகப் போவீர்கள்?’ என்று மாற்றச் சொன்னேன். முதியவர் வழியைச் சொல்லச் சொல்ல, அவர்கள் ஒரு வரைபடமே போட்டுவிட்டார்கள். அதில் இன்று தேயிலையாகிவிட்ட இரண்டு சோலைகள் இருந்தன.

இரண்டாவது சிக்கல் பெரியது. தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அதை எழுதப் போன மாணவன், தன் வீட்டுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு என்று சேர்த்து எழுதியிருந்தான். இலை கொடுக்கும் தொழிற்சாலையின் பெயரும் இருந்தது. அவன் அப்பா பதறிப்போய்ப் பள்ளிக்கு வந்தார். ‘நாளைக்கு இலை வாங்க மாட்டேன்னுட்டா என்ன டீச்சர் பண்றது?’ அவர் பயத்தில் பொய் இல்லை. எடுத்துவிடலாம் என்று பாதி வகுப்பு, கூடாது என்று மீதி. தர்ச்சின் எடுத்திருக்க மாட்டார் என்றது ஒரு குரல். தர்ச்சின் சொந்தப் பத்திரிகையை வைத்துச் சூதாடினார், இங்கே ஆபத்து அப்பாவுக்கு என்றது இன்னொரு குரல். அந்த வேறுபாட்டை அவர்களே கண்டது எனக்கு நிறைவாக இருந்தது, நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் பத்து வீடுகளில் கேட்டு, அறிவித்த விலை ஒரு பத்தியிலும் கைக்கு வந்த விலை அடுத்த பத்தியிலுமாக எழுதினார்கள். வீட்டின் பெயரும் இல்லை, தொழிற்சாலையின் பெயரும் இல்லை, கருத்து ஒன்றும் இல்லை. எண்கள் மட்டும்.

இலை எடைபோடும் கொட்டகையில் அந்தத் தாளை ஒட்டினார்கள். மற்ற மூன்று பக்கங்களைவிட அந்தக் கட்டத்தின் முன்னால்தான் ஆட்கள் நின்றார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் அந்த எண்களை வாசித்தார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். தாள் வெளிவரும் முன் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரும் படித்துவிட்டால் பின்னால் வரும் பேச்சு பாதியாகக் குறையும். தனிமனிதர் பெயர் வரும் செய்தி எதையும் அந்த மனிதரிடம் வாசித்துக் காட்டாமல் சேர்க்காதீர்கள். ஜெராக்ஸ் செலவு பெரிதல்ல. நேரம்தான் செலவு. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் இதழில் அரைப் பக்கம் படுகு மொழியில் வந்தது, தமிழ் எழுத்தில். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று நான்கு கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு மதிய இடைவேளைகள் சண்டை போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, வகுப்பில் இருக்கும் ஒரே கோத்தர் மாணவி தன் மொழியில் மூன்று வரி எழுதிக் கொண்டுவந்தாள். வாசித்தாள். யாருக்கும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் அதற்கு இடம் வேண்டும் என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. மூன்றாம் இதழில் அவளுடைய பத்தி வருகிறது. பிழை பார்ப்பது அவள் பாட்டி. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் இவள் வாசித்துக் காட்டுவாள், பாட்டி கேட்டுத் திருத்துவார். முதல் வரியிலேயே இரண்டு சொற்களை மாற்றிவிட்டாராம்.